கைபேசித் தடை: அலைக்கு ஒரு விதி, தீப்பொறிக்கு வேறு விதி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் எந்தப் பெட்ரோல் பங்க்குக்குச் சென்றாலும், எரிபொருள் நிரப்பும் இயந்திரத்தின் மீதோ அருகிலுள்ள தூணிலோ, கைபேசிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட எச்சரிக்கைப் பலகையைக் காணலாம். அதற்கு ஒரு சாண் தள்ளி, கைபேசியை நீட்டிப் பணம் செலுத்துவதற்கான கியூஆர் அட்டையும் ஒட்டப்பட்டிருக்கும். ஒரே நிர்வாகம் ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கட்டளைகளை இடுகிறது. வாடிக்கையாளர் பணம் கட்டியாக வேண்டும் என்பதால் இரண்டாவதற்குக் கீழ்ப்படிகிறார். இதனால் பங்க்குகள் தீப்பற்றி எரிந்துகொண்டிருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் எழுதி வைத்தவரே நம்பாத எச்சரிக்கையைத் தினமும் பார்த்துப் பழகிய மக்கள், பட்டாசு ஆலையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வீட்டுச் சமையலறையிலும் கட்டாயம் மதிக்க வேண்டிய எச்சரிக்கைகளையும் அதே அலட்சியத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மணலியில் ஒரு தொழிற்சாலையின் அளவீட்டுக் கருவிகள் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இது குறித்துச் சில செய்திகளைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கைபேசியால் நேரக்கூடிய ஆபத்து ஒன்றல்ல, இரண்டு. அது வெளியிடும் ரேடியோ அலை, அருகிலுள்ள நுண்ணிய மின்னணுக் கருவிக்குள் புகுந்து, அக்கருவியைத் தவறான அளவைக் காட்டவோ தவறாக இயங்கவோ வைப்பது முதலாவது. கைபேசியும் மின்கலமும் மின்சுற்றும் கொண்ட ஒரு மின்சாதனமே என்பதால், எரியக்கூடிய ஆவியோ வாயுவோ காற்றில் கலந்திருக்கும் இடத்தில் அதிலிருந்து பொறியோ கடும் வெப்பமோ எழுவது இரண்டாவது. முதலாவதைத் தவிர்க்கக் கருவியிலிருந்து விலகி நின்றாலோ, கைபேசியை ஃபிளைட் மோடில் வைத்தாலோ போதும். இரண்டாவதற்கு ஃபிளைட் மோட் எந்த வகையிலும் உதவாது. கைபேசியை வெளியே விட்டுவிட்டுச் செல்வது ஒன்றே வழி. 2016 செப்டம்பரில் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைபேசிகளின் மின்கலங்கள் தீப்பிடித்தபோது, நமது விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்தக் கைபேசியை விமானத்துக்குள் இயக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது என்று அறிவித்தது இந்த வேறுபாட்டுக்கு நல்ல சான்று. மற்ற கைபேசிகளுக்கு ஃபிளைட் மோடே போதும் என்று கருதிய அதே அமைப்பு, இந்த ஒரு கைபேசிக்கு அது போதாது என்று முடிவு செய்தது. நம் ஊர்ப் பலகைகளோ இரண்டு ஆபத்துகளுக்கும் ஒரே படத்தைப் போட்டு, காரணத்தைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கின்றன.

பெட்ரோல் பங்க்கையே முதலில் எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். அந்த வரம்புக்குள் இருந்துவிட்டால், கால் மில்லிஜூல் அளவுள்ள மிகச் சிறிய பொறியே அதற்குப் போதுமானது. ஆனால் கைபேசியின் அலையே அத்தகைய பொறியை உண்டாக்கிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. அலையால் பொறி எழ வேண்டுமானால், அருகில் ஆண்டெனாவைப் போல அதை உள்வாங்கக்கூடிய உலோக அமைப்பும், அதில் நுண்ணிய இடைவெளியும், போதுமான ஆற்றலும் ஒருங்கே அமைய வேண்டும். வெடிக்கும் சூழலுக்கான சர்வதேச 60079 தரநிலை, பெட்ரோல் ஆவி அடங்கும் வாயுக் குழுவுக்கு 6 வாட்டையும், ஹைட்ரஜன் அடங்கும் குழுவுக்கு 2 வாட்டையும் ரேடியோ ஆற்றலின் வரம்பாக வைத்திருக்கிறது. பழைய 2ஜி கைபேசி அதிகபட்சமாக வெளியிட்டது 2 வாட். இன்றைய 4ஜி கைபேசி வெளியிடுவது சுமார் 0.2 வாட். எரிபொருள் நிரப்பும்போது ஏற்பட்ட தீ விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்காவின் பெட்ரோலியக் கருவிகள் நிறுவனம், கைபேசியால் நேர்ந்ததாக உறுதிப்படுத்தத்தக்க ஒரு நிகழ்வைக்கூடக் காணவில்லை. மாறாக, உடலில் சேர்ந்த நிலைமின்சாரமே பல விபத்துகளுக்குக் காரணம் என்று கண்டது. உலர்ந்த காற்றில் செயற்கை இழை ஆடையோடு இருக்கையில் உரசி எழும் மனிதரின் உடலில், பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையான அளவைப் போலப் பல மடங்கு ஆற்றல் சேர்ந்திருக்கக்கூடும். சென்னையின் புழுக்கம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குத் துணை நிற்கிறது. ஓசூர், தருமபுரிப் பக்கம் வறண்ட மாதங்களில் அந்தத் துணையும் இல்லை. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கண்காணிப்புக் கேமராக் காட்சி ஒன்றில் யார் கையிலாவது கைபேசி தெரிந்தால் அதன் தலையிலேயே பழியைப் போட்டு வாட்ஸ்அப்பில் பரப்பிவிடுகிறோம். ஷெல் நிறுவனம் விடுத்ததாகச் சொல்லப்பட்ட ஓர் எச்சரிக்கை மடல் பல ஆண்டுகளாக உலகைச் சுற்றி வந்ததும், அது தான் வெளியிட்டதல்ல என்று அந்நிறுவனமே மறுக்க நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கலாம்.

அப்படியானால் பங்க்கில் கைபேசியைத் தாராளமாகப் பயன்படுத்தலாமா என்று கேட்டால், என் பதில் 'கூடாது' என்பதுதான். மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் காரோட்டிகளைப் பற்றியவை. காரின் டேங்க் வாய் பின்பக்கம் ஒரு மூலையில் இருக்கிறது. நம் பங்க்குகளில் வரிசை கட்டி நிற்பவையோ இருசக்கர வாகனங்கள். மோட்டார் சைக்கிளில் டேங்க்கின் வாய், வண்டியில் அமர்ந்திருப்பவரின் மடிக்கு நேர் முன்னால் திறந்திருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் உள்ளே போகும்போது, டேங்க்கில் இருந்த ஆவியும் காற்றும் கலந்த ஒரு லிட்டர் வெளியே வருகிறது. அந்த வாய்க்கு ஒரு முழ உயரத்தில் கைபேசியைப் பிடித்து, பின் எண்ணைத் தட்டிக்கொண்டு, கீழே சூடேறிய எஞ்சினோடும் சைலன்சரோடும் நிற்பது நாம் அன்றாடம் காணும் காட்சி. பல நேரங்களில் முன்னால் ஒரு குழந்தையும் அமர்ந்திருக்கும். இங்கே அலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கைபேசி கை நழுவி விழுவதும், கவனம் திரையில் இருக்கும்போது பெட்ரோல் நிரம்பி வழிந்து சூடான எஞ்சின் மீது கொட்டுவதும்தான் உண்மையான ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் தரையோடு தரையாகப் பரவும். அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் விதி, நிரப்பும் இயந்திரத்தைச் சுற்றி 20 அடி வரை, தரையிலிருந்து 18 அங்குல உயரத்தையே அபாயப் பகுதியாக வரையறுப்பதற்கு இதுவே காரணம். அதாவது, மார்பளவில் பிடித்திருக்கும்போது அந்தப் பகுதிக்கு மேலே இருக்கும் கைபேசி, கீழே விழுந்த மறுநொடியே அதற்குள் போய்விடுகிறது. விழுந்த அதிர்ச்சியில் மின்கலம் நசுங்கினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே பங்க்குக்குத் தேவை, யாரும் கடைப்பிடிக்காத முழுத் தடைக்குப் பதிலாக, கடைப்பிடிக்கக்கூடிய ஒரு வரிசைமுறை. டேங்க்கின் மூடியைத் திறப்பதற்கு முன்பே பணம் செலுத்திவிட வேண்டும், அல்லது மூடியை மூடி, வண்டியைச் சில மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்திய பிறகு செலுத்த வேண்டும். கியூஆர் அட்டையை இயந்திரத்திலிருந்து எடுத்து, வெளியேறும் வழியில் ஒரு கம்பத்தில் மாட்டிவிட்டால் மக்கள் தாமாகவே அங்கு போய் நிற்பார்கள். ஊழியர்கள் கையில் கொண்டுவரும் கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கும் இதே விதி பொருந்த வேண்டும். அதிலும் சிம் கார்டும் மின்கலமும் இருக்கின்றன. ஆயினும் அது கைபேசியின் வடிவத்தில் இல்லை என்பதால், பம்ப் நாசிலுக்குப் பக்கத்திலேயே அதை நீட்டுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. டேங்கர் லாரி நிலத்தடித் தொட்டியில் எரிபொருளை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. தொட்டியில் இருந்த ஆவி முழுவதும் அப்போது வெளியே தள்ளப்படுகிறது. லாரியைச் சுற்றிக் கயிறு கட்டி, அதற்குள் வரும் எவரிடமும், ஓட்டுநர் உட்பட, கைபேசி இருக்கக் கூடாது.

சுத்திகரிப்பு ஆலைகளிலும் ரசாயனத் தொழிற்சாலைகளிலும் இந்த விஷயத்தில் குழப்பம் குறைவு. அபாயகரமான வாயு எப்போதும் இருக்கும் இடம் மண்டலம் 0, வழக்கமான இயக்கத்தின்போதே தோன்றக்கூடிய இடம் மண்டலம் 1, அரிதாகவும் சிறிது நேரமும் மட்டுமே தோன்றக்கூடிய இடம் மண்டலம் 2 என்று ஆலையின் வரைபடத்திலேயே பிரித்து வைத்திருப்பார்கள். இந்த மண்டலங்களுக்குள் கொண்டுசெல்லும் எந்த மின்சாதனமும், பழுதடைந்த நிலையிலும் பற்றவைக்கும் அளவுக்குப் பொறியோ வெப்பமோ தராதபடி வடிவமைக்கப்பட்டு, அதற்குரிய சான்று பெற்றிருக்க வேண்டும். அத்தகைய சான்று பெற்ற கைபேசிகள் சந்தையில் உண்டு. சாதாரணக் கைபேசியைப் போலப் பல மடங்கு விலை. அவற்றையும் அபாயப் பகுதிக்குள் சார்ஜ் செய்யக் கூடாது, பின்மூடியைத் திறக்கக் கூடாது. சாதாரணக் கைபேசிக்குத் தடித்த ரப்பர் உறை போட்டுவிட்டால் அதற்கு இணையாகிவிடும் என்று நம்பும் ஒப்பந்தத் தொழிலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். உறை கைபேசியைக் காப்பாற்றுமே தவிர, ஆலையைக் காப்பாற்றாது. அணைத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தால் போதும் என்பதும் தவறான நம்பிக்கையே. கேட்டில் தீப்பெட்டியை வாங்கி வைப்பதற்கும் கைபேசியை வாங்கி வைப்பதற்கும் காரணம் ஒன்றுதான்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இந்த ஒழுங்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு மருந்து கலக்கும் அறைக்குள் நுழைவதற்கு முன், தரையோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுச் செல்ல வேண்டும் என்று விதி வகுத்திருக்கும் தொழில் அது. உராய்வுக்கும் சிறு வெப்பத்துக்கும் கூடப் பற்றிக்கொள்ளும் கலவைக்கு அருகில், லித்தியம் மின்கலம் கொண்ட ஒரு பொருளை இடுப்பில் செருகிக்கொண்டு உட்காருவது, அந்தத் தகட்டைத் தொட்டதன் பயனையே இல்லாமல் ஆக்கிவிடும். ஆனால் இங்கே தடை மட்டும் போதாது என்பது என் கருத்து. காலை முதல் மாலை வரை வேலை செய்யும் பெண்கள், பள்ளியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தகவல் எப்படி வரும் என்ற கவலையில்தான் கைபேசியை மறைத்து எடுத்துச் செல்கிறார்கள். வாயிற்காவலர் அறையில் ஒரு பொதுத் தொலைபேசியையும், வரும் செய்தியைத் தொழிலாளியிடம் உடனே சேர்க்க ஓர் ஆளையும் நிர்வாகம் ஏற்பாடு செய்தால், சோதனையின் கடுமையைக் கூட்டாமலே கைபேசிகள் கேட்டில் தங்கிவிடும். கல்குவாரிகளின் நிலை சற்று வேறு. பாறை தகர்க்கும் வெடியைத் தூண்டுபவையும் இப்போது வழக்கொழிந்துவருபவையுமான மின் டெட்டனேட்டர்களில், அவற்றின் நீண்ட கம்பிகளே ஆண்டெனாவாக மாறி அலையை உள்வாங்கக்கூடும் என்பதால், அங்கே அலை, பொறி என்ற இரண்டு ஆபத்துகளும் ஒன்று சேர்கின்றன.

மருத்துவமனைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே கவலை அலையைப் பற்றியது. அதற்கு முழுத் தடை தேவையே இல்லை. பிரிட்டனின் மருத்துவக் கருவிகள் முகமை 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மீட்டர் தூரத்தில் வைத்த கைபேசிகள் 4 சதவீதச் சோதனைகளில் மருத்துவக் கருவிகளைப் பாதித்தன. அவசர சேவைப் பணியாளர்களின் கையடக்க வானொலிகளோ 41 சதவீதச் சோதனைகளில் பாதித்தன. நம் மருத்துவமனைகளில் உறவினர்களிடம் 'செல்லை ஆஃப் பண்ணுங்க' என்று அதட்டும் காவலாளியின் தோளில் வாக்கி டாக்கி தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது. 2007-இல் ஆம்ஸ்டர்டாமில் தீவிர சிகிச்சைக்கான 61 கருவிகளைச் சோதித்தபோது 26 கருவிகள் பாதிக்கப்பட்டன; செயற்கைச் சுவாசக் கருவி ஒன்று நின்று மீண்டும் இயங்கியதும் அவற்றுள் அடங்கும். ஆனால் பாதிப்பு தோன்றிய தூரங்களின் இடைநிலை அளவு வெறும் 3 சென்டிமீட்டர். அதே ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை, நோயாளிகளின் அறைகளில் கைபேசிகளை வழக்கமான முறையில் பயன்படுத்தி 300 சோதனைகள் நடத்தி, சிகிச்சையைப் பாதிக்கும் குறுக்கீடு எதையும் காணவில்லை. இந்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கருவிக்கு மிக அருகில் ஆபத்து உண்டு, ஒரு மீட்டர் தள்ளினால் ஏறக்குறைய இல்லை என்பதே எல்லாம் சேர்ந்து சொல்லும் செய்தி. பேசாமல் வைத்திருந்தாலும் கைபேசி அவ்வப்போது கோபுரத்தோடு தொடர்புகொள்ளும் என்பதும், சிக்னல் குறைந்த உள்ளறைகளில் அது தன் ஆற்றலைக் கூட்டிக்கொள்ளும் என்பதும் பலர் அறியாதவை.

எனவே தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் 'செல்போன் கூடாது' என்று எழுதுவதைவிட, 'கருவிகளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள். கைபேசியைக் கட்டிலின் மீதோ கருவியின் மீதோ வைக்காதீர்கள்' என்று எழுதுவது பயன் தரும். சிரிஞ்சு பம்பின் தட்டையான மேற்பரப்பும், பச்சிளங்குழந்தையின் இன்குபேட்டர் மூடியும் கைபேசி வைப்பதற்கென்றே அமைந்தவை போலத் தோன்றுவதுதான் தொல்லை. இதைவிட அன்றாட ஆபத்து சார்ஜர். பொது வார்டில் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற இடம் தேடி, எதற்கென்று தெரியாமல் கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். உறவினர்களுக்கென்று தாழ்வாரத்தில் தனியாகச் சார்ஜ் செய்யும் வசதி அமைப்பது ஒரு மருத்துவமனைக்குப் பெரிய செலவல்ல.

பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று தனியே உண்டு. அந்தக் கருவி பெரும்பாலும் இடது காறையெலும்புக்குச் சற்றுக் கீழே பதிக்கப்படுகிறது; நம் ஆண்களின் சட்டைப்பையும் அதே பக்கத்தில், அதற்கு அருகிலேயே இருக்கிறது. கைபேசியை அங்கே வைக்காமல் குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், வலது காதில் வைத்துப் பேச வேண்டும் என்பது பழைய அறிவுரை. அது இப்போது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. 2020-இல் வந்த ஐபோன் 12 முதல், சார்ஜரோடு ஒட்டிக்கொள்வதற்கான காந்த வளையங்கள் கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டன. காந்தம் நெருங்கினால் பேஸ்மேக்கர் நிலையான ஒரே வேகத்தில் துடிப்பைத் தரத் தொடங்கும். இதயத்துக்கு அதிர்ச்சி சிகிச்சை தரும் ஐசிடி கருவியோ, தேவையான நேரத்தில் அதிர்ச்சி தராமல் நின்றுவிடக்கூடும். 15 சென்டிமீட்டர் தூரத்தை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2021-இல் வலியுறுத்தியது. வயர்லெஸ் முறையில் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்குமாறு ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது.

அரசுக்கும் நிறுவனங்களுக்கும் நான் முன்வைக்கும் வேண்டுகோள்கள் சில. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும் எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து, பங்க்குகளில் பணம் செலுத்தும் இடத்தைத் தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கியூஆர் அட்டைகள் அந்தக் கோட்டுக்கு வெளியே போக வேண்டும். மருத்துவமனைகளின் எச்சரிக்கைப் பலகைகளில் தூரமும் காரணமும் தமிழில் இடம்பெற வேண்டும். காவலாளிகளின் வாக்கி டாக்கிக்கும் அந்த விதி பொருந்த வேண்டும். பட்டாசு ஆலைகளில் ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள், கைபேசி இருக்கிறதா என்று பார்ப்பதோடு, தொழிலாளர்களுக்கு வெளியிலிருந்து தகவல் வரும் வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சமையல் எரிவாயு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கசிவு வாசனை வந்ததும் கைபேசியின் டார்ச்சை அடித்துக்கொண்டு சிலிண்டர் அருகே குனிவதும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் கைபேசியை அவசரமாகப் பிளக்கிலிருந்து உருவி அங்கேயே நின்று அழைப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. பிளக்கை உருவும்போது சாக்கெட்டில் எழும் பொறியே, கைபேசியைவிட, எரிவாயுவைப் பற்றவைக்கும் வாய்ப்பு அதிகமுள்ளது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் வெளியேறிய பிறகே கைபேசியைக் கையில் எடுக்க வேண்டும். எரிவாயுக் கசிவுக்கான 1906 என்ற உதவி எண்ணை அச்சிடும் இடங்களிலெல்லாம், 'வீட்டுக்கு வெளியே வந்த பிறகு அழைக்கவும்' என்ற வரியையும் அதே அளவு எழுத்தில் அச்சிட எண்ணெய் நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவிப் பொறியாளர்,
திருவொற்றியூர்.